மாற்று ஆதாரம் யார்?

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களுக்கு இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம். குளோரைடுக்கும் இதே கதைதான்: 250, இல்லையென்றால் 1000. ஒரு சலுகைச் சொற்றொடரில் உப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தின் பல ஊர்கள் அந்தச் சொற்றொடருக்குள்தான் குடியிருக்கின்றன.

வேறு ஆதாரம் இல்லை என்று யார் சொன்னது? ஊற்றுக்கும் ஊருணிக்கும் டேங்கர் லாரிக்கும் போய் நல்ல தண்ணீரோடு வீடு திரும்புகிறாளே, அவள்தான் அந்த ஆதாரம். குழாயில் உவர்நீர் வரும்வரை அந்த வீட்டின் குடிநீர்த் திட்டம் அவளுடைய இடுப்பிலும் தள்ளுவண்டியிலும்தான் ஓடுகிறது. அதற்குத் திட்ட மதிப்பீடு கிடையாது, பராமரிப்பு நிதி கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது.

அரசு ஊழியர்களை மிரட்டுவதற்கு 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்றொரு வசனம் நம்மிடம் உண்டு. மாற்றலாகி வந்தவர் சில ஆண்டுகளில் மறுமாற்றல் வாங்கிப் போய்விடலாம். வாக்கப்பட்டு வந்தவளுக்கு மறுமாற்றல் இல்லை.

இந்த மண்ணிலிருந்து வந்த கந்தர்வனின் 'தண்ணீர்' கதையை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ரயிலில் தண்ணீர் பிடிக்க ஏறி, ரயிலோடு போய்விட்ட இந்திரா, தண்டவாளத்தின் வழியே நிறைகுடத்தோடு திரும்பி வருகிறாள். அந்த இடத்தில் மாணவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். அவளுடைய மன உறுதியை வியந்து எழுதுகிறார்கள். நம் வாசிப்பின் கோளாறு இந்த வியப்பில்தான் இருக்கிறது. அவள் சுமந்ததைப் பாராட்டப் பாராட்ட, சுமக்கவைத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். பழந்தமிழில் உவர்ப்பு என்பதற்குக் கரிப்புச் சுவை என்பதோடு வெறுப்பு என்றும் பொருள் உண்டு. அந்த இரண்டாவது பொருளோடு இந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

திட்டங்களே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நரிப்பையூரில் 1990களின் இறுதியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைந்தது. பிறகு திருச்சிப் பக்கமிருந்து காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டமாகக் குழாயில் வந்தது. அடுத்து குதிரைமொழியில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் தரும் ஆலை அறிவிக்கப்பட்டது. குழாயும் ஆலையும் வேண்டாம் என்பது என் வாதமல்ல. கடைமடை ஊருக்குக் காவிரி எட்டாத நாளில் உள்ளூர் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைத் தொட்டியில் ஏற்றினால், அதை முதலில் கண்டுபிடிப்பது யாருடைய நாக்கு? இது குடிக்க, இது உலை வைக்க, இதில் பருப்பு வேகாது, இதில் சோப்பு நுரைக்காது, இது மாட்டுக்கு என்று பிரித்துவைப்பது யார்? உப்பு மேலாண்மை என்பது இதுதான். பொறியாளர் செய்தால் அதற்குச் சம்பளம். இவள் செய்தால் வீட்டு வேலை.

ஆலைக்கும் ஒரு கழிவு உண்டு. உறிஞ்சும் கடல்நீரில் பாதிக்கு மேல், கூடுதல் உப்போடு கடலுக்கே திரும்புகிறது. இந்த மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கரையில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைப்பவர்கள் பெண்கள். ஆலைக்கு இடம் குறிக்கும்போது அவர்களுக்கும் நாற்காலி போடப்பட வேண்டும்.

உப்பு உடம்புக்குள்ளும் போகிறது. வங்காளதேசத்தின் கடலோரப் பகுதியான தாக்கோப்பில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள், குடிநீரின் உப்புக்கும் பேறுகால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. நம் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணியிடம் 'சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொள்' என்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் உப்பை அவள் எதை வைத்துக் குறைப்பாள்?

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தரவேண்டும். குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். நல்லது. ஆனால் சோதனைக் குப்பியை மட்டும் பெண் கையில் கொடுத்துவிட்டு, வால்வையும் பதிவேட்டையும் வேறு கையில் வைத்திருந்தால் அது பங்கேற்பு ஆகாது. கூலியில்லாத இன்னொரு வேலைதான்.

ஆகவே கேட்கிறேன். சோதனை செய்யும் பெண்களுக்கு ஊதியம் கொடுங்கள். தொட்டியில் இன்று ஏறியது காவிரியா, ஆழ்துளைக் கிணறா, உப்பு எவ்வளவு என்பதை ஊராட்சிச் சுவரில் தினமும் எழுதுங்கள். கர்ப்பிணியின் பரிசோதனை அட்டையில் அவள் குடிக்கும் தண்ணீரின் உப்பையும் குறியுங்கள். 2000 மில்லிகிராம் சலுகையை எந்த ஊருக்குக் கோரினாலும், அந்த ஊர்ப் பெண்கள் நல்ல தண்ணீருக்காக நடக்கும் தூரத்தையும் செலவிடும் நேரத்தையும் அளந்து அதே கோப்பில் சேருங்கள். அதன் கீழே கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குத் துணிவு வருகிறது என்று பார்ப்போம்.