பத்தாயிரத்துக்கு நம்பாதவர்கள்

தோழர்களே, ஓவர் டிராஃப்ட் என்றால் என்ன? கணக்கில் இருக்கிற பணத்துக்கு மேலேயும் எடுத்துக்கொள்ளலாம். மேற்கொண்டு எடுத்ததை வங்கி போட்டுத் தரும், பிறகு பணம் வரும்போது வட்டியோடு கழித்துக்கொள்ளும். இதைத் தமிழில் மிகைப்பற்று என்று எழுதுகிறார்கள். மண்டிக்காரருக்கும் மில் முதலாளிக்கும் இது புதுசு இல்லை. அவர்கள் கணக்கு மாசக்கணக்கில் மைனஸில் நிற்கும். கேட்டால் வியாபாரம் என்பார்கள். கூலிக்காரி கணக்கு மைனஸில் நின்றால் மட்டும் அது வாராக்கடன்!

2014 ஆகஸ்ட் 28இல் ஜன்தன் திட்டம் தொடங்கியது. ஜீரோ பேலன்ஸில் கணக்கு. ஆறு மாதம் ‘திருப்திகரமாக’ நடத்தினால் 5,000 ரூபாய் வரை ஓவர் டிராஃப்ட் என்றார்கள். 2018இல் விதியை மாற்றினார்கள். 5,000 என்பது 10,000 ஆனது. 2,000 வரை நிபந்தனையே இல்லை. வயது வரம்பு 60லிருந்து 65க்கு உயர்ந்தது. குடும்பத்துக்கு ஒருவர், அதிலும் பெண்ணுக்கு முன்னுரிமை. காகிதத்தில் பார்த்தால் நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் சேரித் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: “அதெல்லாம் நமக்கு எங்க குடுப்பான்?” கேட்கப் போனவர்களுக்கும் இந்தக் கவுன்டரிலிருந்து அந்தக் கவுன்டர், அங்கிருந்து அடுத்த வாரம். இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எழுதியும் தருவதில்லை. ரெண்டு நாள் கூலி போனதுதான் மிச்சம். மூணாம் தடவை அந்தப் பக்கமே போகமாட்டார்கள். பிறகு அதிகாரிகள் சொல்வார்கள், “யாரும் வந்து கேட்பதே இல்லை” என்று!

‘திருப்திகரமாக’ என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். யாருக்குத் திருப்தி? நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறிய அன்றே அரிசிக்கும் மருந்துக்கும் எடுத்தாக வேண்டும். பாஸ்புக்கில் எப்போதும் நூறோ இருநூறோதான் நிற்கும். பசி அப்படி இயக்குகிற கணக்கு அது. திருப்தியா இல்லையா என்று முடிவு செய்வது மேனேஜர். இவர் யார், எந்தத் தெரு, இவருக்காகச் சொல்ல ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த முடிவுக்குள்ளே வந்து உட்கார்ந்துகொள்ள முடியும். விண்ணப்பத்தில் சாதி என்று ஒரு கட்டம்கூட இருக்கத் தேவையில்லை.

இதே வங்கித் துறையில் இன்னொரு விதியையும் பார்ப்போம். சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம் என்று 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கி மறுபடி கொண்டுவந்தது. அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் வசூலானது 1,771 கோடி ரூபாய். ஜன்தன் கணக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஏழைகள் மாட்டினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் அந்த வங்கி அதைக் கைவிட்டது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்த அபராதத்தைப் பிடிக்க யாருடைய திருப்தியும் தேவைப்படவில்லை. யாரும் அடுத்த வாரம் வரச் சொல்லவில்லை. எடுக்கிற விதி கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கொடுக்கிற விதி மேனேஜர் மனசில் ஓடுகிறது. இதுதான் விஷயம்.

“கொடுத்தால் திரும்பி வருமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத் தோன்றும். இந்த ஓவர் டிராஃப்டுக்கு அரசின் கடன் உத்தரவாத நிதி 2016 முதலே இருக்கிறது. அதையும் விடுங்கள். 2023 ஆகஸ்டில் ஜன்தன் கணக்குகள் 50 கோடியைத் தாண்டின. பாதிக்கு மேல் பெண்கள். அந்தக் கணக்குகளில் கிடந்த பணம் 2 லட்சம் கோடிக்கு மேல். அதாவது ஏழை ஜனங்கள் வங்கியை நம்பி 2 லட்சம் கோடியைக் கொடுத்து வைத்தார்கள். பத்தாயிரத்துக்கு நம்பாமல் நிற்பது யார்?

“பத்தாயிரம் எல்லாம் ஒரு பிரச்சினையா? நிலம் அல்லவா நம் கோரிக்கை?” என்று நம்முடைய தோழர்கள் சிலரே கேட்கலாம். நிலம்தான் கோரிக்கை, சந்தேகமில்லை. ஆனால் நம் பாட்டன்கள் பண்ணையாளாகக் கட்டுண்டது பெரிய தொகைக்கா? கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சின்னக் கடனுக்குத்தானே? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. செங்கல் சூளையில் இன்றைக்கும் முன்பணம்தான் குடும்பத்தையே கட்டிப்போடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் தண்டல்காரன் வாசலுக்குத்தான் ஓடுகிறோம். பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவாகவோ தருவான். நாளைக்கு நூறு, நூறு நாள். தவறினால் வாசலில் நின்று அசிங்கமாகப் பேசுவான். வங்கி மறுக்கிற பத்தாயிரம் அவனுக்குத்தான் வருமானம். அந்தச் சின்னத் தொகை எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதில் நம்ம ஜனங்களின் மானம் இருக்கிறது.

என்ன செய்யலாம்? தனித்தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போங்கள். மாணவர்கள் கூடப் போங்கள். வாயால் கேட்க வேண்டாம், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2 லட்சம் வரையிலான கடன் விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் கேளுங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குச் செலவில்லை.

இன்னொரு வேலை, படித்த தோழர்களுக்கு. அரசு வங்கிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பத்து ரூபாய் கட்டணம். உங்கள் ஊர்க் கிளையில் ஜன்தன் கணக்கு எத்தனை, ஓவர் டிராஃப்ட் கேட்டவர் எத்தனை, கொடுத்தது எத்தனை, மறுத்த காரணம் என்ன என்று நாலு கேள்வி போடுங்கள். விண்ணப்பமே வரவில்லை என்று பதில் வந்தால், மறுநாள் காலை பத்து மணிக்குப் பத்து விண்ணப்பத்தோடு போய் நில்லுங்கள்.