மாமாவுக்கு ஒரு முத்தம் குடு

போன டிசம்பர்ல எங்க என்.எஸ்.எஸ். கேம்ப். ஏழு நாள். மரம் நட்டோம், கோயில் குளத்தைச் சுத்தம் பண்ணோம். கடைசிக்கு முந்தின நாள் அந்த ஊர் தொடக்கப் பள்ளியில 'குட் டச், பேட் டச்' நிகழ்ச்சி. அதுக்கு பிபிடி ரெடி பண்ணது நான்தான். யூடியூப்ல நாலு வீடியோ பார்த்து, பத்து கார்ட்டூன் படம் ஒட்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குக்கூட அவ்வளவு உழைச்சதில்லை.

மூணாம் வகுப்புப் பசங்க. "யாராவது உங்களுக்குப் பிடிக்காத மாதிரி தொட்டா என்ன செய்யணும்?"னு நான் கேட்க, "வேணாம்னு சொல்லணும்! ஓடணும்! பெரியவங்ககிட்ட சொல்லணும்!"னு கிளாஸே கத்துச்சு. சூப்பரா போகுதுன்னு நினைச்சேன். அப்போ பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அண்ணா, எங்க வீட்டுக்கு வர்றவங்க தூக்கி வச்சு முத்தம் குடுப்பாங்க. நான் வேணாம்னு சொன்னா அம்மா திட்டுறாங்க. அப்ப என்ன பண்றது?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். "அம்மாகிட்ட எடுத்துச் சொல்லுப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டேன். திட்டுறதே அம்மாதான்னு அவன் சொல்றான், நான் அம்மாகிட்டயே போய்ச் சொல்லுன்னு சொல்றேன்! அது பதிலே இல்லைங்கிறது எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் உறைச்சது.

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தா. அக்கா பொண்ணுக்கு நாலு வயசு. நான் ஒரு சாக்லேட்டை எடுத்துக் காட்டி, "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, அப்பத்தான் தருவேன்"னு சொன்னேன். அவ வேணாம்னு தலையை ஆட்டினா. நான் விடல. ஓடினவளைப் பிடிச்சுத் தூக்கி, கன்னத்துல நானே ரெண்டு முத்தம் குடுத்தேன். அவ முகத்தைத் திருப்பித் திருப்பித் திமிருறா, சுத்தி இருக்கிற எல்லாரும் சிரிக்கிறாங்க, தம்பி வீடியோ எடுக்கிறான். அன்னிக்கு ராத்திரி ஃபேமிலி குரூப்ல அந்த வீடியோ வந்துச்சு. முப்பது பேர் ஹார்ட் போட்டிருந்தாங்க. நான் சத்தத்தை அணைச்சுட்டு மறுபடி பார்த்தேன். சிரிப்புச் சத்தம் இல்லாம அந்த வீடியோவைப் பார்க்க முடியல. அந்த மூணாம் வகுப்புப் பையன் யாரைப் பத்திக் கேட்டான்னு அப்பத்தான் புரிஞ்சது. என்னை மாதிரி ஒரு ஆளைப் பத்தித்தான்.

கோபப்படாதீங்க. பாசமான மாமாவும் குழந்தையைச் சீரழிக்கிறவனும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல அந்தக் குழந்தை என்ன கத்துக்கிட்டான்னு யோசிச்சுப் பாருங்க. வேணாம்னு சொன்னா பெரியவங்க சிரிப்பாங்க. ஓடினா பிடிச்சுடுவாங்க. தொட விட்டா சாக்லேட் கிடைக்கும். தப்பான எண்ணத்தோட வர்றவன் முதல் நாளே தப்பா நடந்துக்க மாட்டான். மிட்டாய் வாங்கித் தருவான், போன்ல கேம் விளையாட விடுவான், வீட்டுல எல்லாருக்கும் நல்ல பிள்ளையா இருப்பான், கிச்சுகிச்சு மூட்டுவான், அப்புறம் "இது நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்"னு சொல்லுவான். அவனுக்குத் தேவையான பாதிப் பாடத்தை நாம பாசத்தோட முன்னாடியே நடத்தி முடிச்சிருக்கோம்.

வெளியாள்தானே அப்படிச் செய்வான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்கள்ல 12,447 குழந்தைகள்கிட்ட பேசி ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டுச்சு. அதுல 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையான பாலியல் தொந்தரவைச் சந்திச்சதாச் சொன்னாங்க. அப்படிச் சொன்னவங்கள்ல பாதிக்கும் மேல பசங்க. ஆமா, ஆம்பளப் பசங்க. செஞ்சவங்கள்ல பாதிப் பேர் குழந்தைக்கு நல்லாத் தெரிஞ்சவங்க. பெரும்பாலான குழந்தைங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லை. நம்ம கிளாஸ்ல அறுபது பேர் இருக்கோம். கணக்கு நான் போடல, நீங்களே போட்டுக்குங்க.

இப்ப என் பிபிடிக்கு வர்றேன். அதுல இருந்த தப்பைச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரை எழுதுறதே வேஸ்ட்.

முதல் கார்ட்டூன்ல ஒரு வெள்ளைக்காரக் குழந்தை நீச்சல் உடை போட்டு நிக்கும். "நீச்சல் உடை மறைக்கிற இடமெல்லாம் உன் அந்தரங்க இடம்"னு ஸ்லைடு. அந்த ஊர்ல பசங்க கிணத்துல ஜட்டியோட குதிக்கிறாங்க. நீச்சல் உடையை யார் பார்த்தா? அது போகட்டும். அந்த இடங்களுக்குப் பேர் சொல்ல வேண்டிய நேரத்துல என் வாய் 'ப்ரைவேட் பார்ட்ஸ்'னு இங்கிலீஷுக்கு ஓடிப்போச்சு. யு.கே.ஜி.-ல இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். அந்த உறுப்புகளுக்குத் தமிழ்ல எனக்குத் தெரிஞ்ச வார்த்தை எல்லாம் ஹாஸ்டல்ல கத்துக்கிட்ட கெட்ட வார்த்தைதான். கண், காது, மூக்குன்னு சொல்லிக் குடுக்கிறோம். இடுப்புக்குக் கீழ வந்ததும் வாயை மூடிக்கிறோம், இல்லேன்னா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு செல்லப் பேர் வச்சுக்கிறோம். நாளைக்கு அந்தக் குழந்தை டீச்சர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ எதையாவது சொல்ல வந்தா, அந்தச் செல்லப் பேர் அவங்களுக்கு எப்படிப் புரியும்? ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு, ஆசனவாய். நாலே வார்த்தை. சொல்லும்போது முதல்ல நமக்குக் கூச்சமா இருக்கும். குழந்தைக்கு அது மூக்கு மாதிரி இன்னொரு சொல், அவ்வளவுதான்.

அடுத்து, அந்த 'பேட்' டச்ங்கிற பேரே குழப்பம். ஊசி போட்டா வலிக்கும், ஆனா அது தப்பில்லை. கிச்சுகிச்சு மாதிரி ஆரம்பிக்கிற தொடுதல் கெட்டதாவே தெரியாது. போதாததுக்கு, 'பேட்'னு சொன்னதுமே குழந்தைக்கு 'பேட் பாய்'தான் ஞாபகம் வரும், தானும் கெட்ட பையன் ஆயிட்டோம்னு நினைச்சுக்கும். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல்னு சொல்றது எவ்வளவோ மேல்.

எல்லாத்தையும் விட முக்கியமான ஒரு ஸ்லைடு என்கிட்ட இல்லவே இல்லை. வேணாம்னு சொல்லு, கத்து, ஓடுன்னு ஏழு வயசுக் குழந்தைக்கு மூணு வேலை குடுத்துட்டு வந்தேன். பயத்துல உறைஞ்சு போற குழந்தை எப்படிக் கத்தும்? "அண்ணா கத்தச் சொன்னாரு, நான் கத்தல, அதனால தப்பு என்மேல"ன்னு அது நினைச்சா அந்தப் பாவம் யாருக்கு? "நீ கத்தலைன்னாலும், ஓடலைன்னாலும், ஒரு வருஷம் கழிச்சு வந்து சொன்னாலும் தப்பு உன்மேல இல்லை"ன்னு பெரிய எழுத்துல ஒரு ஸ்லைடு போட்டிருக்கணும்.

குழந்தை வந்து சொன்னா என்ன செய்யணும்னு நம்மளையும் யாரும் தயார் பண்ணல. நான் இப்ப படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். முதல்ல நம்புங்க. "நிஜமாவா? அவரா? நீ தப்பாப் புரிஞ்சிருப்ப"ன்னு ஆரம்பிக்காதீங்க. போலீஸ் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்காதீங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, ஏன்னா சொல்லித்தான் ஆகணும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில இருக்கிற போக்சோ சட்டப்படி, ஒரு குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் போலீஸுக்குத் தெரியப்படுத்தணும்; மறைச்சா ஆறு மாசம் வரை சிறையோ, அபராதமோ, ரெண்டுமோ கிடைக்கலாம். நல்லெண்ணத்தோட தகவல் குடுத்தவங்கமேல வழக்குப் போட முடியாது. குழந்தையோட வாக்குமூலத்தை வீட்டுலயே வந்து வாங்கலாம், அப்போ போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாது. குழந்தையோட பேர், போட்டோ, ஸ்கூல் எதையும் வெளியிடக்கூடாது. 'எச்சரிக்கைக்காக'ன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்றதையும் சேர்த்துத்தான் சொல்றேன். எங்க போறதுன்னு தெரியலைன்னா 1098-க்குப் போன் பண்ணுங்க. இலவசம், ராத்திரியிலயும் எடுப்பாங்க. இன்னொண்ணு, இந்தச் சட்டத்துல 18 வயசு முடியாத எல்லாரும் குழந்தைதான். நம்ம ஃபர்ஸ்ட் இயர்ல பாதிப் பேருக்குச் சேரும்போது வயசு 17. ராகிங்னு சொல்லி அவங்க சட்டையைக் கழட்டச் சொல்றதை விளையாட்டுன்னு நினைக்கிற சீனியர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கலாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். "அப்ப குழந்தையைக் கொஞ்சவே கூடாதா? நாம என்ன வெளிநாட்டுக்காரங்களா?"ன்னு எங்க பாட்டி கேட்டாங்க. கொஞ்சலாம் பாட்டி, கேட்டுட்டுக் கொஞ்சலாம். "தூக்கிக்கவா?"ன்னு கேட்க ஒரு நொடி ஆகும். வேணாம்னா ஒரு வணக்கம், ஒரு ஹை-ஃபைவ், ஒரு டாட்டா. பாட்டிக்கு இன்னும் சமாதானம் ஆகல, "நான் வளர்த்த பிள்ளைகிட்ட நான் அனுமதி வாங்கணுமா"ன்னு முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களை நான் இன்னும் ஜெயிக்கல. அக்காவுக்குப் புரிஞ்சது. பொண்ணு வேணாம்னா வேணாம்னு இப்ப அவளே வர்றவங்ககிட்ட சொல்லிடுறா. சிலர் முகம் சுளிக்கிறாங்களாம்.

என் மருமக என்கிட்ட இன்னும் சரியா வர்றதில்லை. போன வாரம் போனப்போ சாக்லேட்டைக் கையில குடுத்துட்டு, எதுவும் கேட்காம நகர்ந்துட்டேன். வாங்கிட்டு ஓடிட்டா.

அடுத்த மாசம் அதே பள்ளிக்கு மறுபடி போறோம். இந்தத் தடவை முதல் நாள் அப்பா அம்மாக்களுக்கு, ரெண்டாவது நாள்தான் பசங்களுக்கு. தலைமை ஆசிரியர் சரின்னு சொல்லிட்டார். பிபிடியைப் புதுசா எழுதணும், நீச்சல் உடைப் படத்தைத் தூக்கணும், அந்த நாலு வார்த்தையையும் சிரிக்காமச் சொல்லத் தெரிஞ்ச ஆளுங்க வேணும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு செமினார் ஹால்ல உட்கார்றோம். வர்றவங்க வாங்க. அந்தப் பையன் இப்பவும் மூணாம் வகுப்புலதான் இருப்பான், அவனுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு.