கைரேகை பார்க்கக் கற்கட்டும் நம் பிள்ளைகள்!

கைரேகை என்றதும் நம் நாட்டில் நினைவுக்கு வருபவர், கோயில் வாசலில் குந்தியிருக்கும் சோதிடர்தான். ஆயுள் ரேகை அமோகம் என்பார், காணிக்கையை வாங்கி மடியில் முடிந்துகொள்வார். அமெரிக்காவிலே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் கைரேகை பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது, கண்ணாடிக் குவளையின் மீது கரித்தூளைத் தூவி, அதைத் தொட்டவன் எவன் என்று காட்டிக்கொடுக்கும் ரேகை!

தடய அறிவியல் கோடை வகுப்பு என்று அதற்குப் பெயர். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நடத்துகின்றன. குற்றம் நடந்த இடம் போல ஓர் அறையை அமைக்கிறார்கள். பொய் இரத்தம் தெளிக்கிறார்கள். தடயம் திரட்டச் சொல்லி, பிறகு போலி நீதிமன்றம் ஒன்றைக் கூட்டி, கண்டதைக் கூண்டேறிச் சொல் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு. மறுக்கவில்லை நாம். ஆனால் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் கேட்கும் முகாம்கள் ஏராளம். சீமான் வீட்டுச் செல்வங்களுக்கு அது கோடைப் பொழுதுபோக்கு.

"பஞ்சாலையில் நூல் இழுக்கும் எனக்கு இதனால் என்ன?" என்று தோழர் ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பதில் இங்கிலாந்தில் இருக்கிறது.

லெஸ்டர் நகருக்கு அருகே 1983இல் ஒரு சிறுமி, 1986இல் இன்னொரு சிறுமி, கெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவருக்கும் வயது பதினைந்து. ஊர் கொதித்தது. போலீசார் பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். விசாரணையில் அவன், இரண்டாவது கொலையைச் செய்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டான்! அதற்குமேல் என்ன வேண்டும்? முதல் கொலையையும் இவன்தான் செய்தான் என்று மெய்ப்பிக்க எண்ணி, அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1984இல் மரபணு அடையாள முறையைக் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரீஸிடம் போனார்கள். சோதித்தார் அவர். கொலைகாரன் ஒருவனேதான், ஆனால் அவன் இந்தப் பையன் அல்ல என்றார். விடுதலையானான் பையன். உண்மைக் குற்றவாளி, பேக்கரியில் வேலை பார்த்தவன், 1987இல் பிடிபட்டு மறு ஆண்டு தண்டனை பெற்றான்.

தோழர்களே, கவனிக்க வேண்டும். குற்ற வழக்கில் மரபணுச் சோதனை முதன்முதலில் செய்த வேலை, ஒருவனைச் சிறைக்கு அனுப்பியதல்ல. செய்யாத கொலையைச் செய்தேன் என்று சொன்ன ஓர் இளைஞனை மீட்டது! கோடை வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் வயதுதான் அவனுக்கும்.

விசாரணை அறையில் வந்த வாக்குமூலத்தின் விலை என்ன என்பதை ஏழைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலர் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் மாண்டபோது நாடே பதறியது. அந்த வழக்கிலும், காவல் நிலையத்தில் படிந்திருந்த இரத்தத்தின் மரபணுவைத்தான் சி.பி.ஐ. சான்றாகக் காட்டியது. அடித்தவன் சாட்சி சொல்லமாட்டான். சுவர் சொல்லும், படிக்கத் தெரிந்தவன் வேண்டும்.

அதற்காக ஆய்வுக்கூடத்தைக் கோயிலாக்கி, அறிக்கையை வேதமாக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வல்லுநர்கள், தலைமுடியை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, இது குற்றவாளியின் முடி என்று பல்லாண்டு சாட்சி சொன்னார்கள். 2015இல் பழைய வழக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 வழக்குகளில் 257இல் சொன்னது பிழை! அவற்றுள் மரண தண்டனை வழக்குகளும் உண்டு. வெள்ளை அங்கி போட்டவரையும் "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் துணிவைத்தான் கோடை வகுப்பில் முதல் பாடமாக வைக்க வேண்டும். பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாடம் புதிதல்ல.

நமக்கு இது அந்நியக் கலையுமல்ல. துணைக்கண்டத்தின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் ஏற்பட்டது சென்னையில்தான். கைரேகைகளை 1,024 பிரிவுகளாகப் பகுத்து அடுக்கும் கணக்கைக் கல்கத்தாவில் உழைத்து வகுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இருவர். முறைக்குச் சூட்டப்பட்டதோ மேலதிகாரி ஹென்றியின் பெயர்! உழைப்பு ஓரிடம், பெயர் வேறிடம். ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாயில் நுழையாத அதன் வடமொழிப் பெயரைப் பற்றி நம் கருத்து ஊரறிந்தது, அது நிற்க. அதன் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமானால் தடய வல்லுநர் நேரில் சென்று தடயம் திரட்ட வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதற்கு நாள் குறிக்க ஐந்தாண்டு கெடு. ஒன்றிய அமைச்சரவையும் 2024 ஜூனில், புது ஆய்வுக்கூடங்களுக்கும் காந்திநகரிலுள்ள தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் புதுக் கிளைகளுக்கும் என 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆக, வேலை வருகிறது. யாருக்கு வருகிறது? அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் போக அகில இந்திய நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வு யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்பதை நீட் நமக்குக் காட்டியிருக்கிறது.

ஆகவே கேட்கிறோம்: மாவட்டத்துக்கு ஓர் அரசுப் பள்ளியில், மே மாதத்தில் பத்து நாள், கட்டணமின்றி, தமிழில், இந்த வகுப்பை நடத்தினால் என்ன? தடய அறிவியல் துறையிலிருந்து ஒருவர், வேதியியல் ஆசிரியர் ஒருவர், குறுக்கு விசாரணை கற்றுத்தர ஒரு வழக்கறிஞர். கோடி ரூபாய்க் கருவி வேண்டாம். கரித்தூள், முகப்பவுடர், ஒட்டும் நாடா, பூதக்கண்ணாடி, காலடித் தடம் வார்க்கச் சுண்ணச்சாந்து, இரண்டு பேனா மையைப் பிரித்துக் காட்ட வடிதாளும் தண்ணீரும். கிளைக் கழகத் தோழர்கள் தங்கள் ஊர்த் தலைமை ஆசிரியரிடம் இதைப் பேசட்டும். கோடைக்கு முன்பே பேசட்டும்.