இ வந்தால் எடு, ஓ வந்தால் ஒதுக்கு

"டாக்டர் ப்ரோஸ்க்ரைப் பண்ண மாத்திரையத்தான் தினமும் போடுறேன்"

இப்படி யாராவது ஆங்கிலத்தில் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?
டாக்டர் போடக்கூடாதுன்னு தடுத்த மாத்திரையைத்தான் தினமும் போடுகிறார் என்று அர்த்தம்!

ப்ரிஸ்க்ரைப் - பி, ஆர், இ.
மருந்தை எழுதித் தருவது.

ப்ரோஸ்க்ரைப் - பி, ஆர், ஓ.
தடை செய்வது, விலக்கி வைப்பது.

மாறுவது ஒரே ஒரு எழுத்துதான். ஆனால் பொருள் தலைகீழ். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியில் சிவப்புக் கோடும் விழாது.

இரண்டுக்கும் வேர் லத்தீனில் "எழுது" என்ற வினைதான். ஒன்று முன்கூட்டியே எழுதி வைப்பது. மற்றது ஊரறிய எழுதி ஒட்டுவது.

பழைய ரோமில் கி.மு. 82இல் சுல்லா தன் எதிரிகளின் பெயர்களை எழுதி பொது இடத்தில் வைத்தார். பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் கொல்லலாம், சொத்தும் பறிபோகும். பேச்சாளர் சிசரோ கி.மு. 43இல் கொல்லப்பட்டதும் இதேபோன்ற பட்டியலால்தான். "தடை" என்ற பொருள் அங்கிருந்து வந்தது.

ஞாபகம் வெச்சுக்க எளிய வழி:
இ வந்தால் "இதை எடு"
ஓ வந்தால் "ஒதுக்கு"

சரி, இதை ஏன் ஒரு மருத்துவர் எழுதணும்?

எங்கள் துறை முழுக்க இப்படிப்பட்ட இரட்டையர்கள்தான்.
ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைவது.
ஹைப்பர்கிளைசீமியா என்றால் கூடுவது.

முன்னதில் உடனே சர்க்கரை கொடுக்கணும். பின்னதில் கொடுக்கவே கூடாது. இன்சுலின் போடும் ஒருவர் வீட்டில் நடு ராத்திரி வியர்த்துக் கொட்டி மயங்கும்போது, டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டும் மகளுக்கு இந்த வித்தியாசம் புரிய வேண்டாமா?

2016இல் இந்திய மருத்துவ கவுன்சில், மருந்துகளின் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுதச் சொன்னது. நல்ல விதி. ஆனால் பெரிய எழுத்து கையெழுத்துக் குழப்பத்தைத்தான் தீர்க்கும். புரியாத சொல்லைப் பெரிதாக எழுதினாலும் அது புரியாத சொல்தான்.

எனவே என் கருத்து இது.
மருந்துப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் "சாப்பாட்டுக்கு முன்", "இதோடு வலி மாத்திரை கூடாது", "வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரை" இந்த மூன்று வரியும் நோயாளியின் தாய்மொழியில் இருக்கணும். எழுத ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடமும் சிகிச்சைதான்.

நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்:
எதை எடுக்கணும்?
எதைத் தொடக்கூடாது?
என்ன நடந்தால் உடனே வரணும்?

பதில் புரியும் வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். அது உங்கள் உரிமை.