49 வயதோடு முடியும் கணக்கு

தோழர்களே, தேசியக் குடும்ப நல ஆய்வு எச்ஐவி பற்றிப் பெண்களிடம் 49 வயது வரையிலும், ஆண்களிடம் 54 வயது வரையிலும்தான் கேட்கிறது. கணக்கில் வராதவர்களுக்குத் திட்டத்திலும் இடம் கிடைக்காது என்பது சேரி மக்களான நமக்குப் புதிதல்ல.

மாதவிடாய் நின்றதும் கர்ப்ப பயம் போகிறது, ஆணுறையும் போய்விடுகிறது. ஆனால் அந்த வயதில் பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டு எளிதில் கீறல் விழுவதால், தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. எடை குறைந்தாலும், அசதி நீடித்தாலும் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. சாதியால் ஒதுக்கப்பட்ட முதியவர், நோயாலும் ஒதுக்கப்படுவோமோ என்று அஞ்சி வாய் திறப்பதில்லை.

அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். கூட்டு மருந்தும் 2004 முதல் இலவசம்; தொடர்ந்து சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம். சம்மதமில்லாமல் பரிசோதிப்பதையும், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்த உரிமைகளுக்கு வயது வரம்பு கிடையாது.

இளைஞர்களுக்கு மட்டும் விழிப்புணர்வு முகாம் நடத்தினால் போதாது. நம் தெருவின் ஆயாக்களிடமும் தாத்தாக்களிடமும் தனியாக, மரியாதையோடு பேசுவோம். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல, அவர்களைக் கேட்காமல் விட்ட அமைப்புதான்.