படலையிலிருந்து படலை வரை

"லண்டனிலிருந்து பாரிஸுக்குப் பிளேனில எவ்வளவு நேரம் செல்லும், பிள்ளை?" என்று பெரியம்மா கேட்டார். அவருடைய மகள் வீடு பாரிஸில், லாச்சப்பலில். "ஒண்டேகால் மணித்தியாலம், பெரியம்மா" என்றேன். முழங்கால் நோவோடு இருந்தவர் அந்தச் சொல்லை நம்பித்தான் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

ஈஸ்ட்ஹாம் வீட்டுக் கதவைப் பூட்டும்போது காலை 5.30. ஹீத்ரோ போய்ச் சேரவே ஒன்றரை மணித்தியாலம். சோதனைச் சாவடியில், பேரனுக்கென்று பெரியம்மா தன் கையால் போட்ட மாங்காய் ஊறுகாய்ப் போத்தலை எடுத்து வைத்துவிட்டார்கள். 100 மில்லிலீட்டருக்கு மேல் கைப்பையில் கொண்டுபோக விடவில்லை. அதன் பிறகு, முடிவே இல்லாத நடை. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழும்பினார்.

இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதியால் போகும் தூரத்தைவிடக் குறைவு. விமானம் வானத்தில் நிற்பது முக்கால் மணித்தியாலம் அளவில்தான். டிக்கெட்டில் போடும் நேரமோ, விமானம் ஒரு வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாசலில் நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். பாரிஸ் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடுவதால், திரும்பிவரும் டிக்கெட்டைப் பார்த்தால் கால் மணித்தியாலப் பயணம்போலவே தோன்றும்.

இறங்கிய விமான நிலையமும் பாரிஸுக்குள் இல்லை. நகர நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ருவாஸியில் இருக்கிறது. கடவுச்சீட்டு வரிசை, பெட்டி, ரயில் எல்லாம் முடிந்து மகள் வீட்டு மணியை அடித்தபோது, வெளிக்கிட்டு ஆறரை மணித்தியாலம்.

திரும்பும்போது யூரோஸ்டார் ரயிலில் வந்தோம். லாச்சப்பலிலிருந்து கார் து நோர் நிலையம் நடை தூரம். கடவுச்சீட்டை அங்கேயே பார்த்துவிடுகிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முன்னதாகப் போகத்தான் வேண்டும். ஆனால் மகள் கட்டித்தந்த மீன்குழம்பை யாரும் பறிக்கவில்லை. 1994இல் திறந்த, 50 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்துக்குள்ளால் கடலுக்கடியில் ஓடி, சுமார் 2 மணி 20 நிமிடத்தில் சென் பாங்கிராஸ். அங்கே இறங்கினால் லண்டன் நடுவில் நிற்கிறோம். வீட்டிலிருந்து வீட்டுக்கு மொத்தம் நாலரை மணித்தியாலம்.

1919 ஓகஸ்ட் 25இல் இந்த இரு நகரங்களுக்கிடையே அன்றாட விமான சேவை தொடங்கியபோது, ஹவுன்ஸ்லோவிலிருந்து லே பூர்ஜே போக அந்தச் சின்ன விமானத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. இன்று ரயில் அதைவிடக் கொஞ்சம் விரைவாகவே கொண்டுபோய்விடுகிறது.

கடைசி நேரத்தில் வாங்கினால் ரயில் டிக்கெட் விலை கூடத்தான். பாரிஸில் விமானம் மாறி வேறு நாடு போகிறவர்களுக்கு விமானமே வசதி. ஆனால் உறவு வீட்டுக்குப் போகும் ஒரு வயதான பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது விமானத்தின் நேரத்தை அல்ல, அவருடைய முழங்காலின் நேரத்தை.

ஊரில் பயணக் கணக்கை வீட்டு வாசல் படலையிலிருந்துதான் தொடங்குவோம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுத்த முறை எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டால், படலையிலிருந்து படலை வரை எண்ணிச் சொல்லுங்கள்.