பழைய வெர்னா: எந்த வருஷத்து மாடல்?

விளாத்திகுளத்திலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் குடும்பத்தோடு அடிக்கடி போய்வர, செகண்ட் ஹேண்டில் ஹூண்டாய் வெர்னா வாங்கலாமா? வாங்கலாம். எந்த வருஷத்து மாடல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2006-ல் வந்த முதல் வெர்னாவுக்கு வயதாகிவிட்டது, விடுங்கள். 2011 மாடல் இன்றைக்கும் பார்க்க அழகுதான். ஆனால், வேகமெடுத்தால் பின்பக்கம் தூக்கிப்போடும். வாங்கும்முன் பாட்டியைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போய்வாருங்கள். அவர் முகமே சொல்லிவிடும்! 2017-ல் சஸ்பென்ஷனை இறுக்கினார்கள். எல்லா வேரியன்ட்டிலும் 2 ஏர்பேக், ஏபிஎஸ் வந்தன. குறைந்தபட்சம் இதிலிருந்து தேடுங்கள்.

கூடுதல் பணம் புரட்ட முடிந்தால் 2023 மாடல். 6 ஏர்பேக், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம். டீசல் மட்டும் கிடையாது.

மழைக்காலத்தில் கரிசல்காட்டுப் பாதையில் இறக்குவதாக இருந்தால், எந்த வெர்னாவும் வேண்டாம்.